தன்வரலாற்று எழுத்தில் தந்தை: குழந்தைமைத் துயரை எடுத்துரைக்கும் உத்திகளும் அறமும்

முன்னுரை

ஒருவர் தம் இளமைக்கால வீட்டை எழுதும்போது அவ்வீட்டில் வாழ்ந்த பிறரையும் எழுதியாக வேண்டும். அன்பு நிறைந்த வீடாயின் இதில் சிக்கல் எழுவதில்லை. அச்சமும் அடியும் வசையும் நிறைந்த வீடாயின் எழுதும் செயலே ஒரு குற்றச்சாட்டாகிவிடுகிறது. குற்றம் சாட்டப்படுபவர் பெரும்பாலும் தந்தை. நூல் வெளிவரும் காலத்தில் அவர் மறைந்திருக்கக்கூடும்; உயிரோடிருப்பினும் விடையெழுதும் வாய்ப்பற்றவராக இருக்கக்கூடும். சான்று கூறுபவரும் வழக்குரைப்பவரும் தீர்ப்பு வழங்குபவரும் ஒருவரே ஆகும் இவ்வழக்கில் நடுவுநிலை எவ்வாறு காக்கப்படும்? இவ்வினாவை முன்வைத்து, துயர் மிகுந்த குழந்தைமையைக் கூறும் தமிழ்ப் படைப்புகளில் காணப்படும் எடுத்துரைப்பு உத்திகளை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஆய்வுக்கு ராஜ் கௌதமனின் சிலுவைராஜ் சரித்திரம் (2002), பாமாவின் கருக்கு (1992), சுந்தர ராமசாமியின் குழந்தைகள் பெண்கள் ஆண்கள் (1998) ஆகிய, தன்வரலாற்றுச் சார்புடைய படைப்புகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றுக்கு எதிர்முனையில் நிற்பதாக, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாழ்ந்து எழுதிய ஆ. மாதவனின் புனலும் மணலும் (1974) என்னும் புதினம் வைத்து நோக்கப்படுகிறது. முன்னவை பிள்ளையின் பக்கமிருந்து வீட்டைக் காண்கின்றன. மாதவனின் புதினம் பிள்ளையை வெறுக்கும் பெரியவரின் பக்கமிருந்து அதனைக் காண்கிறது.

வாய்மையும் புறங்கூறாமையும்

தமிழ் அறநூல் மரபில் இச்சிக்கலுக்குரிய சொற்கள் புதியன அல்ல. திருக்குறள் வாய்மையை விளக்கும்போது, பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என வரையறுக்கிறது. புறங்கூறாமை என்னும் அதிகாரமோ, ஒருவர் முகத்துக்கு நேரே கடிந்து கூறுவதைக்காட்டிலும் அவர் இல்லாதவிடத்துப் பழித்துப் பேசுவதைக் கொடிதாகக் கருதுகிறது. இவ்விரண்டையும் நேர்ப்பொருளில் கொண்டால் மறைந்த தந்தையின் கொடுமையை எழுதும் மகன் இரண்டு அறங்களிலிருந்தும் வழுவியவனாவான்: அவன் சொல் தீங்கு பயக்கிறது; அவன் சொல்லப்படுபவர் இல்லாதவிடத்தே சொல்கிறான்.

ஆயினும் அதே நூல் நடுவு நிலைமையையும் ஓர் அறமாக வைக்கிறது. பகைவர், நட்பினர், அயலார் என்னும் பகுப்பில் எவரிடத்தும் கோடாமை அதன் இலக்கணம். தந்தை என்பதற்காக ஒருவர் செய்த கொடுமையை மறைப்பதும் கோட்டமே. குடும்ப மானம் கருதிக் காக்கப்படும் மௌனத்தின் விலையை அக்குடும்பத்தின் மிக எளிய உறுப்பினராகிய குழந்தையே செலுத்துகிறது. எனவே சொல்லலாமா, கூடாதா என்பதோடு வினா நின்றுவிடுவதில்லை. எவ்வாறு சொன்னால் வாய்மையும் புறங்கூறாமையும் ஒருங்கே காக்கப்படும் என்பதே ஆழ்ந்து நோக்கத்தக்கது. இந்த ‘எவ்வாறு’ என்பதற்கு இலக்கியம் அளிக்கும் விடையே உத்தி. உத்தியை அழகு சேர்க்கும் அணியாக மட்டும் கருதும் போக்கு இவ்விடத்தில் போதாது எனலாம்.

தமிழின் பழைய தன்வரலாறுகளில் இச்சிக்கல் பெரிதும் எழவில்லை. உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம் வறுமையை விரிவாகக் கூறுகிறது; தந்தையைப் பெருமதிப்போடு கூறுகிறது. அங்கு இளமைத் துயரின் ஊற்று வீட்டுக்கு வெளியே இருந்தது. துயரின் ஊற்று வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடும் என்பதைத் தமிழ் உரைநடை அஞ்சாது பேசத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளிலேயே எனக் கூறலாம்.

படர்க்கையும் எள்ளலும்

ராஜ் கௌதமன் (1950–2024) தம் வாழ்வை ஒட்டி எழுதிய சிலுவைராஜ் சரித்திரம் தன்மையில் அமையவில்லை. சிலுவைராஜ் என்னும் பெயருடைய ஒருவனின் கதையாகப் படர்க்கையில் அது நடக்கிறது. காலச்சுமை, லண்டனில் சிலுவைராஜ் ஆகியவை அதன் தொடர்ச்சிகள். பிலிப் லெஜ்யூன் 1975இல் வகுத்த கொள்கைப்படி ஆசிரியர், எடுத்துரைப்பவர், கதைமாந்தர் ஆகிய மூவரும் ஒரே பெயரால் ஒன்றாவதே தன்வரலாறு. அவ்வொப்பந்தம் இந்நூலில் அறிந்தே தளர்த்தப்பட்டுள்ளது.

இத்தளர்வின் பயன் இரண்டு. முதலாவது, நூலில் வரும் படைவீரராகிய தந்தை சிலுவையின் தந்தையே ஆவார். ஆசிரியரின் தந்தையென அவரைச் சுட்டும் உரிமை வாசகருக்கு வழங்கப்படவில்லை. விடுமுறையில் வீடு திரும்பும் தந்தையைக் கண்டு சிறுவன் கொள்ளும் அச்சம் முழுமையாகச் சொல்லப்படுகிறது. உண்மை மனிதர் ஒருவர் மீது விரல் நீட்டப்படவில்லை. வாய்மைக்கும் புறங்கூறாமைக்கும் இடையே படர்க்கை ஒரு வழி திறக்கிறது.

இரண்டாவது பயன் இன்னும் நுட்பமானது. படர்க்கை, எழுதுபவரையே வேறொருவராக்கிக் காட்டுகிறது. சிறுவன் சிலுவை இரக்கத்துக்குரியவனாக மட்டும் படைக்கப்படவில்லை. அவனுடைய கோழைத்தனம், தந்திரம், தற்பெருமை, அசட்டுத்தனம் யாவும் எள்ளலுக்கு உள்ளாகின்றன. நகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியம் கூறும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு. இந்நான்கும் சிலுவையின் மீதே ஏற்றப்படுவது நோக்கத்தக்கது. தந்தையின் மீது பாயும் கூர்மை தன் மீதும் பாய்கிறது. தன்னைத் தூயவனாக நிறுத்திப் பிறரைக் குற்றவாளியாக்கும் எழுத்து வாசகரிடம் ஐயத்தை எழுப்பும். தன் குறையையும் ஒளிக்காத எழுத்து, பிறர் குறையைக் கூறும் தகுதியைப் பெறுகிறது.

தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியவற்றைக் கூறுகிறது. முன்னைய மூன்றுக்கும் அஞ்சுவோர் வீட்டுக்குள் ஓடி ஒளியலாம். நான்காவது களனாகிய இறை வீட்டுக்குள்ளேயே இருக்குமாயின் ஒளிய இடமில்லை. தந்தைக்கு அஞ்சும் குழந்தையின் தனித்துயர் இதுவே. அவ்வச்சத்தை ஓலமாக எழுதாமல் நகையோடு எழுதியமை, அஞ்சிய காலத்துக்கும் எழுதும் காலத்துக்கும் இடையே உள்ள தொலைவை வாசகருக்கு உணர்த்துகிறது.

பெயரின்மையும் வீட்டின் எல்லையும்

பாமா ராஜ் கௌதமனின் தங்கை என்பது இலக்கிய உலகம் அறிந்த செய்தி. ஒரே ஊரையும் ஒரே குடும்பச் சூழலையும் பின்புலமாகக் கொண்ட இருவர் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு நூல்களை எழுதியிருப்பது தமிழில் அரிய வாய்ப்பு. கருக்கு தன்மையில், பேச்சுத் தமிழில் அமைந்தது. கூறுபவளுக்குப் பெயரில்லை, ஊருக்கும் பெயரில்லை. நிகழ்ச்சிகள் கால வரிசையில் செல்லாமல், தொழில், விளையாட்டு, வழிபாடு, கல்வி என்று பொருள் பற்றித் தொகுக்கப்படுகின்றன. ஒரே நிகழ்ச்சிக்கு நூல் மீண்டும் மீண்டும் திரும்புவதும் உண்டு.

கருக்கில் துயரின் மையம் தெருவும் ஊரும் பள்ளியும் கன்னியர் மடமும் ஆகும். ஊர்ப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைத் தம் கை படாதபடி கயிற்றில் பிடித்துச் சென்று மேல்சாதியினரிடம் கொடுக்கும் காட்சியைக் கண்ட சிறுமி முதலில் சிரிக்கிறாள். அதன் பொருளை அண்ணன் விளக்கிய பின் சிரிப்பு சினமாகிறது. குழந்தையின் பார்வை, அறிந்தவரின் விளக்கம் என்னும் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கும் இவ்வுத்தி நூல் முழுதும் செயற்படுகிறது.

இவ்விரு நூல்களையும் ஒப்பவைத்தால் ஓர் உண்மை புலனாகிறது. தங்கையின் நூலில் அண்ணன் வழிகாட்டி. அண்ணனின் நூலில் மூத்த பிள்ளை அஞ்சி நடுங்கும் சிறுவன். ஒருவர் வீட்டுக்குள் நோக்கினார். மற்றவர் வீட்டை அழுத்திய ஊரை நோக்கினார். இவற்றுள் எது உண்மை என்று கேட்பது பொருந்தாது. ஒரு வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை குழந்தைமைகள் உள்ளன. தன்வரலாறு எழுதும் எவரும் தம் வீட்டை முழுதும் அறிந்தவர் அல்லர் என்பதற்கு இவ்விரு நூல்களே சான்று. இந்த அறியாமையை ஒப்புக்கொள்ளும் நூல் அறத்துக்கு அணுக்கமாக நிற்கிறது.

மேலும், இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது வீட்டுக்குள் நிகழும் கொடுமைக்கும் வெளியே நிகழும் இழிவுக்கும் உள்ள தொடர்பு தெளிவாகிறது. ஊரில் தலைகுனிய நேர்ந்த ஆண்மகன் வீட்டில் இறையாகிறான். இது கொடுமைக்கு விளக்கம் ஆகலாம்; கொடுமையை அது நியாயப்படுத்தாது.

சாலை: எதிர்முனைப் பார்வை

பிள்ளையின் பார்வை மட்டுமே கிடைக்கும் தன்வரலாற்றில் இல்லாமற்போவது பெரியவரின் அகம். அதனை அறிய, தன்வரலாறு அல்லாத ஒரு படைப்பின் துணை தேவைப்படுகிறது. அவ்வகையில் திருவனந்தபுரம் சாலைப் பகுதி தமிழுக்கு அளித்த கொடை குறிப்பிடத்தக்கது. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசின் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்ற இக்கடைத்தெரு தமிழ் வணிகரும் மலையாள மக்களும் கலந்து வாழும் இடம். இங்குக் கடை நடத்திய ஆ. மாதவன் (1934–2021) மலையாள வழியில் பள்ளிக் கல்வி பெற்றவர். தமிழைத் தம் முயற்சியால் கற்று எழுதியவர். இலக்கியச் சுவடுகள் என்னும் கட்டுரை நூலுக்காக 2015ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்.

மாதவனின் கடைத்தெருக் கதைகளில் கூலிகளும் சண்டியர்களும் திருடர்களும் பாலியல் தொழிலாளரும் கைவிடப்பட்டோரும் வருகின்றனர். அவர்களைப் பற்றித் தீர்ப்புக் கூறாமை அவருடைய எழுத்தின் முதன்மைப் பண்பு. எட்டாவது நாள் என்னும் குறுநாவல், வாழ்நாள் முழுதும் பிறரை அச்சுறுத்தித் திரிந்த சாளைப்பட்டாணி என்னும் முதியவனின் இறுதி நாள்களைக் கூறுகிறது. அவனால் துன்புற்றோர் எழுதியிருப்பின் அது வேறொரு கதையாகியிருக்கும். மாதவன் அவனுடைய படுக்கையருகே நின்று எழுதுகிறார்.

இப்பண்பு குடும்பத்தின் மீது திரும்பும்போது கிடைப்பதே புனலும் மணலும். ஆற்றில் மணல் வாரும் தொழிலாளியாகிய அங்குசாமி, தன் மனைவி தங்கம்மைக்கு முன்னைய உறவில் பிறந்த மகள் பங்கியை வெறுக்கிறான். அவள் அழகற்றவள் என்பதே அவ்வெறுப்புக்கு அவன் அறிந்த காரணம். அவளிடம் குற்றம் எதுவும் இல்லை. புதினம் பெரிதும் அங்குசாமியின் மனவோட்டத்தை ஒட்டியே நடப்பதால், வெறுக்கப்படும் பெண்ணின் துயரை வாசகர் வெறுப்பவனின் உள்ளத்திலிருந்தே காண நேர்கிறது.

இவ்வுத்தியின் விளைவு வியப்புக்குரியது. அங்குசாமி கொடியவன் என்று ஒதுக்கிவிட வாசகரால் இயலவில்லை. அவன் உழைப்பாளி, உடன் தொழில் செய்வோரிடம் பற்றுடையவன், மனைவியை நேசித்தவன். வெறுப்பு அவனுக்கே விளங்காத ஒன்றாக அவனுள் கிடக்கிறது. அதே வேளையில் அவன் மீதான குற்றம் சிறிதும் குறைவதில்லை. பெரியவரின் அகத்தைத் திறந்து காட்டுவது அவரை விடுவிப்பதாகாது என்பதை இப்புதினம் மெய்ப்பிக்கிறது. வெறுப்பு எவ்வளவு சிறிய காரணத்தில் வேர்கொண்டு எவ்வளவு காலம் உயிர்த்திருக்கும் என்பதை உள்ளிருந்து கண்ட பின்னர்க் கொடுமை மேலும் கொடிதாகவே தோன்றுகிறது.

திருவனந்தபுரத்தையே களமாகக் கொண்ட நீல. பத்மநாபனின் பள்ளிகொண்டபுரம் (1970) இதனோடு வைத்து எண்ணத்தக்கது. மனைவி பிரிந்து சென்றபின் இரு பிள்ளைகளை வளர்த்த அனந்தன் நாயரின் நினைவோட்டமாக அப்புதினம் அமைகிறது. உடைந்த குடும்பம் தந்தையின் நெஞ்சிலிருந்து சொல்லப்படும்போது, பிள்ளைகளின் குழந்தைமை நிழலாகவே தெரிகிறது. பிள்ளையின் தன்வரலாற்றில் தந்தை நிழலாவது போலவே தந்தையின் நினைவில் பிள்ளை நிழலாகிறது. யார் நினைவுகூர்ந்தாலும் ஒருவர் மறைக்கப்படுகிறார் என்பது இதனால் பெறப்படும்.

மறுதரப்புக்கு இடம் தரும் எடுத்துரைப்பு

இரு பக்கமும் ஒரே நூலில் இடம்பெறக் கூடுமா என்னும் வினா இங்கு எழுகிறது. சுந்தர ராமசாமி (1931–2005) தம் இளமைப் பருவத்துக் கோட்டயம் வாழ்வை ஒட்டி எழுதிய குழந்தைகள் பெண்கள் ஆண்கள் அத்தகைய முயற்சி. சிறுவன் பாலு தன் தந்தை எஸ்.ஆர்.எஸ்.க்கு அஞ்சுகிறான். அவ்வச்சம் அவனுடைய உடலையும் பேச்சையும் கட்டிப்போடுகிறது. ஆனால் எடுத்துரைப்பு பாலுவோடு நின்றுவிடுவதில்லை. தாய் லட்சுமி, தமக்கை ரமணி, பணிப்பெண், நண்பர்கள் எனப் பலருடைய உள்ளங்களுக்குள்ளும் சென்று திரும்புகிறது. தந்தையின் உள்ளமும் அவற்றுள் ஒன்று. தன் கண்டிப்பை அன்பென்றும் கடமையென்றும் நம்பும் ஒரு மனிதர் அங்குக் காணப்படுகிறார். சிறுவனால் ஒருபோதும் கண்டிருக்க முடியாத அந்த மனிதரை, முதிர்ந்த படைப்பாளி கற்பனையால் கண்டு தருகிறார்.

இவ்வுத்திக்கும் ஓர் எல்லை உண்டு. பிரான்ஸ் காஃப்கா 1919இல் தம் தந்தைக்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். தந்தையை நேரே விளித்து எழுதப்பட்டதால் அது புறங்கூறல் ஆகாது. ஆயினும் அக்கடிதம் தந்தையின் கையைச் சேரவில்லை. அதன் இறுதியில் காஃப்கா, தம் குற்றச்சாட்டுகளுக்குத் தந்தை கூறக்கூடிய மறுமொழியையும் தாமே எழுதுகிறார். அம்மறுமொழி மகனுக்குக் கடுமையானது. உடனே, இம்மறுமொழியும் தம்மிடமிருந்தே வந்தது என்பதையும் அவர் சுட்டிக்காட்டுகிறார். பிறருக்கு இடம் தரும் எழுத்திலும் இடம் தருபவர் எழுதுபவரே. ஆகவே, முழுமையான நடுவுநிலை இவ்வகை எழுத்துக்குக் கைகூடாது. கைகூடாமையை மறைக்காதிருப்பதே அதற்கு இயன்ற நேர்மை.

ஒரு மறுப்பும் விடையும்

இக்கருத்துக்கு வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. அடிபட்ட குழந்தையிடம், அடித்தவரின் அகத்தையும் புரிந்துகொண்டு எழுது என்று கேட்பது இரண்டாவது கொடுமை ஆகாதா? காலமெல்லாம் பொறுத்துக்கொள்ளுமாறு கூறிய சமூகம், எழுதும்போதும் பொறுமையையே கோருகிறது எனத் தோன்றலாம். தலித்தியப் படைப்பாளர்களும் பெண் படைப்பாளர்களும் தன்வரலாற்றைக் கருவியாகக் கொண்ட காலத்தில், அவர்தம் சினத்தைக் கலைக்குறை என்று ஒதுக்கிய குரல்கள் எழுந்ததையும் மறத்தற்கில்லை.

இம்மறுப்பின் நியாயம் ஏற்கத்தக்கது. அதற்கு இரண்டு விடைகள் கூறலாம். முதலாவது, மறுதரப்பைக் கேட்பது வேறு, மன்னிப்பது வேறு. நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரின் சொல்லைக் கேட்ட பின்னரே தண்டனை வழங்குகிறது. கேட்டதனால் தண்டனை இல்லாமற்போவதில்லை. மன்னிப்பு எழுதுபவரின் தனியுரிமை. அதனை எவரும் கோர முடியாது.

இரண்டாவது, பெரியவரின் அகத்தைக் காணும் முயற்சியின் பயன் முதன்மையாகப் பெரியவரைச் சேர்வதன்று. குழந்தை தன் அச்சத்தில் தந்தையை இறையாகவே கண்டது. அவரை அவ்வாறே எழுதி முடிக்கும் நூல் அவரை அந்த உயரத்திலேயே நிலைநிறுத்திவிடுகிறது. இயலாமையும் இழிவும் அறியாமையும் உடைய மனிதராக அவரைக் காணும்போதே அவ்விறைமை கலைகிறது. அங்குசாமியின் வெறுப்பு எத்துணை அற்பமான காரணத்தைப் பற்றி நின்றது என்று கண்ட வாசகர், பங்கியின் துன்பத்துக்குப் பங்கியிடம் காரணம் தேடமாட்டார். தான் ஏதோ செய்ததாலேயே அடிபட்டோம் என்று வாழ்நாள் முழுதும் எண்ணும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய விடுதலை இல்லை. பெரியவரின் அகம் திறக்கப்படும்போது, குற்றம் தன்னிடத்தில் இல்லை என்பதற்குப் பிள்ளைக்குச் சான்று கிடைக்கிறது.

கருக்கில் இத்தகைய மறுதரப்பு விரிவாக இல்லையே எனலாம். அங்குக் குற்றம் சாட்டப்படுவது சாதி, திருச்சபை ஆகிய நிறுவனங்கள். அவற்றுக்குப் பேசும் வாயும் அவையும் எப்போதும் உண்டு. இல்லாதவர்க்கே இடம் தர வேண்டும். மறுதரப்புக்கு இடம் தரும் கடமை, எதிரில் நிற்பவரின் வலிமை குறையக் குறைய மிகுகிறது எனக் கொள்ளலாம். விடைகூற இயலாத இறந்த மனிதர் ஒருவருக்கு அக்கடமை மிகுதியாக உண்டு. நிலைபெற்ற நிறுவனத்துக்கு அது சிறிதளவே உண்டு.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. துயர் மிகுந்த குழந்தைமையை எழுதுவது புறங்கூறல் ஆகாமல் வாய்மையாக நிற்பதற்கு உத்தி துணைசெய்கிறது. படர்க்கை, உண்மை மனிதரைச் சுட்டாது உண்மையைச் சுட்டுகிறது. தன்மீதான எள்ளல், பிறர்மீதான குற்றச்சாட்டுக்குத் தகுதி சேர்க்கிறது. பெயரின்மை, ஒரு வீட்டின் துயரை ஒரு சமூகத்தின் துயராக விரிக்கிறது. பல உள்ளங்களுக்குள் செல்லும் எடுத்துரைப்பு, விடைகூற இயலாதவர்க்கு இடம் தருகிறது. இவற்றுள் எதுவும் தன்னளவில் அறமுடையது அன்று. படர்க்கை பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் பயன்படலாம். எள்ளல் வலியை மறுக்கவும் பயன்படலாம். உத்தியின் அறம் அது யாரை மறைக்கிறது, யாருக்கு இடம் தருகிறது என்பதைப் பொறுத்தது.

பிள்ளைகள் எழுதிய நூல்களை மட்டும் கொண்டு இவ்வகை எழுத்தை மதிப்பிடுதல் போதாது. சாலைக் கடைத்தெருவில் அமர்ந்து, வெறுக்கத்தக்கவரையும் அவர்தம் உள்ளிருந்து எழுதிய மாதவனின் புதினத்தைத் தன்வரலாறுகளுக்கு அருகே வைத்துப் படிக்கும்போதே வீட்டின் இரு பக்கமும் தெரிகின்றன. பங்கி தன் கதையைத் தானே எழுதவில்லை. எழுதியிருப்பின் அங்குசாமிக்கு அதில் எத்துணை இடம் இருந்திருக்கும் என்பது, தமிழில் இனி எழுதப்படும் ஒவ்வொரு தன்வரலாற்றிடமும் கேட்கப்பட வேண்டிய வினா.